வினையும் விகிதமும்

ஒருவர் ஏன் நோயுற்றார் என்ற கேள்வியும், ஓர் ஊரில் ஓராண்டில் ஏன் இத்தனை பேர் நோயுற்றனர் என்ற கேள்வியும் அளவில் மட்டுமே வேறுபடுவன போலத் தோன்றினாலும், அவற்றுக்கான விடைகள் வெவ்வேறு இடங்களில் கிடைக்கின்றன. தனி மனிதரின் நோய்க்குக் காரணம் தேடுவோர் அவருடைய வயதையும் பழக்கவழக்கத்தையும் குடும்ப வழியையும் ஆராய்ந்து, அடுத்த வீட்டாருக்கு வராத நோய் இவருக்கு மட்டும் வந்ததன் காரணத்தைக் காட்டுவர். ஊர் முழுவதற்கும் பொதுவான நீரும் காற்றும் வெப்பமும் அந்த ஒப்பீட்டில் தென்படுவதில்லை, ஏனெனில் எல்லாரிடமும் உள்ள ஒன்று எவரையும் வேறுபடுத்திக் காட்டாது. ஜெஃப்ரி ரோஸ் என்னும் பிரித்தானிய நோய்ப்பரவலியல் அறிஞர் 1985இல் வெளியிட்ட கட்டுரையில், ஒருவர் நோயாளியாவதன் காரணமும் ஒரு சமூகத்தின் நோய்விகிதத்துக்கான காரணமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்று நிறுவியது இந்த அடிப்படையில்தான்.

முதற்கேள்விக்கு இந்தியச் சமயங்கள் வினை என்ற விடையை நெடுங்காலமாக வைத்திருக்கின்றன. காலநிலை மாற்றத்தால் விளையும் உடல்நலக் கேட்டை ஆராயும் புள்ளியியலோ இரண்டாம் கேள்விக்கே விடை சொல்ல வல்லது. எத்தனை பேர் கூடுதலாக இறந்தனர் என்று அது சொல்லும், அவர்கள் யார் யார் என்று சொல்லாது. அவ்வாறாயின், வினையை நம்பும் ஒரு சமூகம் இப்பெயரில்லா இறப்புகளை எவ்வாறு பொருள்கொள்வது, அவற்றுக்கு யார் பொறுப்பு என்பது சமய மெய்யியல் விலக்க முடியாத வினா. இதனை ஆராய மலேசியாவின் கிள்ளான் வட்டாரம் ஏற்ற களமாகும். சுற்றுச்சூழலுக்கும் சாவுக்கும் உள்ள தொடர்பு அங்கே நூறாண்டு இடைவெளியில் இருமுறை எண்ணிக்கையால் காட்டப்பட்டிருக்கிறது, இருமுறையும் அக்கணக்கில் இடம்பெற்றோருள் தமிழர் இருந்தனர்.

கிள்ளான் நகருக்கும் துறைமுகத்துக்கும் அண்மையில் அமைந்த பண்டமாரான், 1948இல் தொடங்கிய அவசரகாலத்தின்போது சீனர் குடியமர்த்தப்பட்ட புதுக்கிராமத்தை உள்ளடக்கி, பின்னர் தோட்டங்களிலிருந்தும் துறைமுக வேலையிலிருந்தும் வந்த தமிழர்களும் சேர்ந்து வாழும் ஊராக வளர்ந்தது. கடல்மட்டத்தை ஒட்டிய இந்தத் தாழ்நிலம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சதுப்பும் அலையாத்திக் காடுமாக இருந்தது. 1901ஆம் ஆண்டு தொடக்கத்தில் மால்கம் வாட்சன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் கிள்ளான் மாவட்ட அரசு மருத்துவராகப் பொறுப்பேற்றார். அதே ஆண்டு செப்டம்பரில், பிற்காலத்தில் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாறிய போர்ட் சுவெட்டன்ஹாம் திறக்கப்பட்டதும் மலேரியா வெடித்துப் பரவியதால், புதிய துறைமுகத்தையே மூடிவிட நேரும் என்ற நிலை ஏற்பட்டது. மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதற்கான சான்றை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டறிந்து நான்காண்டுகளே ஆகியிருந்த அக்காலத்தில், வாட்சனும் சிலாங்கூரின் தலைமை மருத்துவர் டிராவர்ஸும் அக்கண்டுபிடிப்பை நம்பிச் சதுப்புகளை வடிக்கவும், காட்டை வெட்டவும், கடல்நீர் ஏறாதபடி கரை கட்டவும் செய்தனர்.

விளைவை அவர்கள் எண்ணிக் காட்டிய முறை இன்றும் கவனிக்கத்தக்கது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட மலேரியா நோயாளிகளை அவர்கள் வசிப்பிடம் நோக்கிப் பிரித்தபோது, கிள்ளான் நகரிலிருந்து வந்தோர் 1901இல் 334 பேராகவும், 1902இல் 129 பேராகவும், 1903இல் 48 பேராகவும், 1905இல் 12 பேராகவும் குறைந்திருந்தனர். துறைமுகத்திலிருந்து வந்தோர் தொகையும் அதே ஐந்தாண்டில் 188இலிருந்து 11 ஆகச் சுருங்கிற்று. ஆனால் வடிகால் வேலை நடைபெறாத மாவட்டத்தின் ஏனைய பகுதிகளிலிருந்து 1901இல் 197 பேரும் 1905இல் 353 பேரும் வந்தனர். மூன்றாவது வரிசை இல்லாவிடின் முதல் இரண்டு வரிசைகளும் எதையும் மெய்ப்பிக்கா. நோய் தானாகவே தணிந்த காலமென்றோ மழை குறைந்த ஆண்டுகளென்றோ அவற்றை ஒதுக்கிவிடலாம். மூன்றாம் வரிசையின் ஏற்றத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகி ஆள்தொகை கூடியதன் பங்கும் உண்டு என்பதால் அதனை அப்படியே நோய்விகிதத்தின் ஏற்றமாகக் கொள்ளலாகாது. எனினும் ஒரே வானத்தின் கீழ், ஒரே மருத்துவமனையின் பதிவேட்டில், நிலம் மாற்றப்பட்ட இடத்தில் மட்டும் காய்ச்சல் வீழ்ந்தது என்ற செய்தியை அது ஐயமின்றித் தருகிறது.

வாட்சனின் அனுபவத்தில் இதற்கு மறுபக்கமும் உண்டு. கடலோரத் தாழ்நிலத்தில் மலேரியாவைப் பரப்பிய கொசு வகை காட்டு நிழலில் தேங்கிய நீரில் பெருகுவதாதலின், அங்கே காட்டை அழித்து நீரை வடித்ததும் நோய் நீங்கிற்று. உள்நாட்டுக் குன்றுகளிலோ அனோஃபிலிஸ் மாகுலேட்டஸ் என்னும் வேறொரு வகை வெயில்படும் தெளிந்த ஓடைகளில் முட்டையிடுவதாதலின், காட்டை வெட்டித் தோட்டமாக்கியதே நோயைப் பெருக்கிற்று. ஓரிடத்தில் உயிரைக் காத்த அதே செயல் மற்றோரிடத்தில் உயிரைப் பறித்தது. அக்குன்றுத் தோட்டங்களில் காய்ச்சலால் மாண்ட தமிழ்த் தொழிலாளர் ஒவ்வொருவரின் குடும்பமும் அவர் தலையெழுத்தை நினைத்து ஆறுதல் தேடியிருக்கக் கூடும். ஆனால் ஒரு தோட்டத்தின் சாவுவிகிதம் இன்னொன்றைவிடப் பன்மடங்கு மிகுந்ததற்குக் காரணம் ஓடையும் வெயிலும், அவ்விரண்டையும் ஒன்றாகச் சேர்த்த மனித முடிவும்தாம்.

நூறாண்டு கழித்து அதே வட்டாரத்தில் எழுந்த சிக்கல் நீரைப் பற்றியதன்று, காற்றைப் பற்றியது. மக்கிய தாவரங்கள் பல்லாயிரம் ஆண்டுகளாகப் படிந்து உருவான சுமத்திரா, போர்னியோ சதுப்பு நிலங்கள் தோட்டப் பயிர்களுக்காக வடிகால் வெட்டி உலர்த்தப்பட்டமையால், வறண்ட ஆண்டுகளில் அங்கே மூட்டப்படும் தீ மண்ணுக்குள்ளேயே இறங்கி வாரக்கணக்கில் கனன்று புகைகிறது. பசிபிக் பெருங்கடல் மேற்பரப்பு வழக்கத்துக்கு மீறி வெப்பமடையும் எல் நீனோ ஆண்டுகளில் இப்பகுதியில் மழை பொய்ப்பதால், 1997இலும் 2015இலும் புகைமூட்டம் கடுமையாயிற்று. 2005 ஆகஸ்டில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டியபோது கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. புகைமூட்டமும் காலநிலை மாற்றமும் ஒன்றல்ல. ஆயினும் எரியும் அச்சதுப்பு நிலம் பெருமளவு கரியமில வாயுவை வெளியிட்டு உலக வெப்பத்தைக் கூட்ட, கூடிய வெப்பம் மண்ணை மேலும் உலர்த்தி அடுத்த தீக்கு வழிவகுப்பதால், ஒன்றை விட்டு மற்றொன்றை ஆராய்தல் அரிது.

இப்புகையால் கிள்ளான் பள்ளத்தாக்கில் இறப்பு கூடியதா என்பதை மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மஸ்ரூரா சஹானியும் உடனாய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வு சோதித்தது. 2000 முதல் 2007 வரையிலான காலத்தில் நுண்துகள் அளவு வரம்பு கடந்த 88 நாள்களைப் புகைமூட்ட நாள்களாகக் கொண்டு, மூச்சுமண்டல நோயால் இறக்கும் வாய்ப்பு அந்நாள்களில் ஏறத்தாழ 19 விழுக்காடு மிகுந்திருந்ததை அவ்வாய்வு கண்டது. சில வயதினரிடம் விளைவு உடனே தோன்றாமல் இரண்டு மூன்று நாள் கழித்துத் தோன்றியதையும் பதிவு செய்தது. எண்ணைக் காட்டிலும் அதை அடைந்த முறையே மெய்யியல் நோக்கில் முதன்மையானது. மால்கம் மெக்லூர் 1991இல் அறிமுகப்படுத்திய இம்முறையில், இறந்தவர் வேறொருவருடன் ஒப்பிடப்படுவதில்லை. அவர் இறந்த நாளின் காற்று, அவர் உயிருடனிருந்த அண்மைய நாள்களின் காற்றுடன் ஒப்பிடப்படுகிறது. அவரே அவருக்கு ஒப்பு. அவருடைய வயது, வறுமை, புகைப்பழக்கம், பிறவியிலேயே வந்த நுரையீரல் குறை ஆகிய அனைத்தும் இருபுறமும் சமமாக நிற்பதால் அவை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு விலக, இருநாள்களுக்கிடையே மாறிய காற்று மட்டுமே எஞ்சுகிறது.

வினைக் கோட்பாட்டின் மொழியில் சொன்னால், ஒருவர் முற்பிறப்பிலிருந்து கொண்டுவந்த மூட்டையும் இத்தகைய மாறாப் பொருள்களுள் ஒன்று. செவ்வாய்க்கிழமை இருந்த அதே வினைதான் அடுத்த செவ்வாய்க்கிழமையும் அவரிடம் இருந்தது, மாறியது காற்று. எனவே இறப்புக்கு வினை காரணமன்று, புகையே காரணம் என்று முடிவுகட்டிவிடலாமா என்றால், சைவ சித்தாந்தம் அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுக்காது. கன்மத்தை அது சேமிப்பாகக் கிடக்கும் சஞ்சிதம் என்றும், அதிலிருந்து இப்பிறவியில் நுகர்வதற்கென வந்த பிராரத்தம் என்றும், நுகரும்போதே புதிதாக ஈட்டப்படும் ஆகாமியம் என்றும் மூன்றாகப் பகுக்கிறது. கன்மம் சடப்பொருளாதலின் தானே சென்று பயன்தராது, இறைவனே உரிய காலத்தில் அதனை உயிருக்குக் கூட்டுவிக்கிறான் என்பது அதன் துணிபு. அப்படியாயின், குறித்த நாளில் குறித்த உயிருக்குப் பிராரத்தம் முதிர்ந்தது, புகை வெறும் கருவியாயிற்று என்று சித்தாந்தி விடையிறுக்கலாம். எந்தப் புள்ளியியல் முறையாலும் அவ்விடையைப் பொய்ப்பிக்க இயலாது, ஏனெனில் நிகழ்ந்த எதனோடும் அது பொருந்தும்.

பொய்ப்பிக்க இயலாமை அவ்விடையின் வலிமை மட்டுமன்று, அதன் எல்லையும் ஆகும். எல்லா நிகழ்ச்சிக்கும் பொருந்தும் விளக்கம், 12 பேர் நோயுறும் ஆண்டுக்கும் 334 பேர் நோயுறும் ஆண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. வினை நுகர்ச்சி வரும் வழிகளை ஆதிதைவிகம், ஆதிபௌதிகம், ஆத்தியான்மிகம் என மூன்றாக வகுக்கும் மரபு, மழை, வெயில், காற்று முதலிய பூதங்களால் வரும் துன்பத்தையும் பிற உயிர்களால் வரும் துன்பத்தையும் தனித்தனியே வைத்தது. எது எந்தப் பெயருக்குரியது என்பதில் மரபுகளுக்கிடையே வேறுபாடு இருந்தாலும் இரண்டையும் பிரித்தறியலாம் என்பதில் அவை உடன்பட்டன. மனிதர் மூட்டிய தீயால் கறுத்த காற்றும், மனிதர் எரித்த எண்ணெயால் மிகுந்த வெயிலும் அப்பிரிவினையைக் குலைத்துவிட்டன. 1991 முதல் 2018 வரை 43 நாடுகளின் 732 இடங்களில் வெப்பத்தால் நேர்ந்த இறப்புகளை ஆராய்ந்து 2021இல் வெளியான பன்னாட்டு ஆய்வு, அவற்றுள் ஏறத்தாழ 37 விழுக்காடு மனிதரால் விளைந்த வெப்பமேற்றத்துக்கு உரியது என மதிப்பிட்டது. பூதத்தின் செயலுக்குள் மனிதனின் செயல் எவ்வளவு என்று அளந்துகூறும் இத்தகைய விழுக்காடு, பழைய நூலார் முன் வந்திராத ஒரு பொருள்.

எல்லா நோயையும் வினையின் கணக்கில் எழுதுவதைப் பண்டை மரபுகளுள்ளேயே மறுத்தோர் உண்டு. பாலி மொழியிலுள்ள சம்யுத்த நிகாயத்தில், மனிதர் நுகரும் இன்பதுன்பம் அனைத்தும் முன்வினையால் விளைவதே என்போரின் கருத்தைப் பற்றி மோளியசீவகன் என்னும் துறவி வினவ, அவ்வாறு சொல்வோர் தாமே அறிந்ததையும் உலகம் உண்மையென ஏற்றதையும் கடந்து செல்கின்றனர் என்று புத்தர் விடையளிக்கிறார். பித்தம், கபம், வாதம், இம்மூன்றின் கலப்பு, பருவமாற்றம், முறைதவறிய நடத்தை, திடீர்த் தாக்குதல், வினைப்பயன் என எட்டுக் காரணங்களை அவர் அடுக்குகிறார். வினை அவற்றுள் ஒன்று மட்டுமே. பருவம் மாறுவது அதனோடு ஒத்த நிலையில் தனிக் காரணமாக வைக்கப்பட்டிருக்கிறது. கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பௌத்த மகா விகாரையும் இந்துக் கோயில்களும் ஒரே நகர்ப்பகுதியில் நிற்கும் நாட்டில், இந்த எட்டின் பட்டியல் சைவரும் எண்ணிப் பார்க்கத் தக்கது.

எனினும் வினைக் கோட்பாட்டைக் கைவிடாமலேயே பொறுப்பைப் பற்றிய கேள்விக்கு விடை காண இயலும் என்பதற்குச் சிலப்பதிகாரம் சான்று. கோவலன் முற்பிறப்பில் பரதன் என்னும் பெயரினனாய்ச் சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் எனப் பழிசுமத்திக் கொல்வித்தமையே இப்பிறப்பில் அவன் கொலையுண்டதற்குக் காரணம் என மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு உரைக்கிறது. ஆனால் அதற்கு முன்னரே, தன் தீர்ப்பு பிழைத்ததை உணர்ந்த பாண்டியன் குற்றத்தைத் தன்மேல் ஏற்று அரியணையிலேயே உயிர்நீத்துவிட்டான். இறந்தவனுக்கு வினை இருந்தது என்பதால் கொன்றவனின் குற்றம் குறைந்ததாகக் காப்பியம் எங்கும் கணக்கிடவில்லை. துன்புறுவோர்பால் உள்ள பிராரத்தமும் துன்புறுத்துவோர் புதிதாக ஈட்டும் ஆகாமியமும் வெவ்வேறு ஏடுகளில் எழுதப்படுவன. ஒன்றைக் காட்டி மற்றொன்றை அழிக்க முடியாது. புகையால் இறந்தவரின் விதியைப் பற்றிப் பேசுவோர், அந்தப் புகையை எழுப்பியவரின் வினையைப் பற்றி அதே கோட்பாட்டின்படி பேசக் கடமைப்பட்டவர்.

அவ்வாறு பேசத் தொடங்கினால் பாண்டியன் ஒருவனாக இருந்ததைப் போல இங்கே குற்றவாளி ஒருவராக இல்லை என்பதே முதலில் தென்படும். தீ வைத்தவர், வைக்கச் சொன்ன நிறுவனம், நிலத்தை அளித்த அரசு, முதலீடு செய்தவர், செம்பனை எண்ணெயை ஏற்றியனுப்பும் துறைமுகம், அத்துறைமுகத்தால் பிழைக்கும் ஊர், எண்ணெயை வாங்கும் தொலைநாட்டு இல்லம் எனப் பொறுப்பு கரைந்துகொண்டே செல்கிறது. சமண மரபு இதற்கு ஓர் அளவுகோலை வைத்திருக்கிறது: தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்ததற்கு உடன்படுதல் ஆகிய மூன்றும் வினையை ஈட்டும் என்பது அதன் கொள்கை. இவ்வளவுகோலால் அளந்தால் புகையை நுகர்ந்து இருமும் பண்டமாரான்வாசியும் முற்றிலும் வெளியே நிற்பவரல்லர். ஆயினும் உடன்பட்டவரின் பங்கும் செய்வித்தவரின் பங்கும் சமமல்ல என்பதால், எல்லாரும் பொறுப்பு என்ற சொல் எவரும் பொறுப்பல்லர் என்பதற்கு மறுபெயராகிவிடவும் கூடாது.

மதிப்பீட்டின் ஐயப்பாடும் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வாயிலாகப் பயன்படுவதுண்டு. 2015ஆம் ஆண்டுப் புகைமூட்டத்தால் இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய மூன்று நாடுகளிலும் சேர்த்து ஏறத்தாழ 1,00,300 பேர் கூடுதலாக இறந்திருக்கலாம் என்றும், அவர்களுள் மலேசியர் பங்கு 6,500 அளவினது என்றும் ஹார்வர்டு, கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் மதிப்பிட்டபோது அரசுத் தரப்புகள் அதனை ஏற்க மறுத்தன. அந்த எண் பிணங்களை எண்ணிப் பெற்றதன்று. புகையின் செறிவையும் அச்செறிவில் இறப்பு எவ்வளவு கூடும் என்ற முன்னைய ஆய்வுகளின் முடிவையும் பெருக்கிப் பெற்றது. ஆதலால் அதனை ஒரு நடுப்புள்ளியாகவே கொள்ள வேண்டும். உண்மை அதற்கு மேலும் கீழும் ஒரு வரம்புக்குள் எங்கேனும் இருக்கலாம். ஆனால் தொகை துல்லியமற்றது என்பதும் தொகை சுழி என்பதும் ஒன்றல்ல. வெப்பத்தால் இறந்தவரின் சான்றிதழில் மாரடைப்பு என்றும், புகையால் இறந்தவரின் சான்றிதழில் ஆஸ்துமா என்றும் எழுதப்படும் வரை, ஒவ்வொரு சாவாக எண்ணி இதை எவரும் மெய்ப்பிக்கப் போவதில்லை. கூட்டத்தை நோக்கும் கண்ணுக்கே இது புலப்படும்.

கூட்டத்தை நோக்கும் அந்தக் கண் தமிழ்ச் சமயத்துக்குப் புதியதன்று. மெய்யியல் நூல்கள் உயிரை அலகாகக் கொண்டு வினையைப் பேசியபோது, மாரியம்மன் வழிபாடு ஊரை அலகாகக் கொண்டு நோயைப் பேசிற்று. அம்மை வந்தபோது, வந்தவர் என்ன பாவம் செய்தார் என்று அவ்வழிபாடு கேட்கவில்லை. ஊரே காப்புக் கட்டி, ஊரே விரதமிருந்து, ஊரே கூழ் ஊற்றிற்று. மலாயாவின் தோட்டந்தோறும் தொழிலாளர் எழுப்பிய மாரியம்மன் கோயில்கள் நோயின் பொதுமையைப் பற்றிய இந்த அறிவையும் சேர்த்தே கடல் கடந்து கொண்டுவந்தன. பெயர் தெரியாதோர்பால் கடமை உண்டு என்பதும் இம்மக்களுக்குத் தெரியாததன்று: நீர்க்கடன் கொடுப்போர் இறுதியில் சுற்றத்தார் எவருமற்ற இறந்தோர்க்கும் எள்ளும் நீரும் இறைக்கின்றனர், பண்டமாரானின் சீனர் தம் ஏழாம் மாதத்தில் உற்றார் அற்ற ஆவிகளுக்கு உணவு படைக்கின்றனர். புள்ளியியல் காட்டும் கூடுதல் இறப்புகள் இத்தகையோரே. இறந்தவர் இன்னார் என்று சுட்ட இயலாது, இறந்தனர் என்பதை மறுக்கவும் இயலாது.

எனவே வினைக் கோட்பாட்டையும் புள்ளியியலையும் எதிரெதிரே நிறுத்தி ஒன்றைத் தெரிவு செய்யும்படி கேட்பது கேள்வியைத் தவறாக வகுப்பதாகும். உயிர் தன் துன்பத்தைத் தாங்கிக்கொள்ளத் தேடும் பொருளை விகிதத்தால் தர முடியாது; ஊரின் கடமை எது என்பதை வினைக் கோட்பாட்டைத் தனித்து வைத்து அறிய முடியாது. ஊழைப் பற்றி ஓர் அதிகாரம் பாடிய வள்ளுவரே ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தது, தாங்குவதும் முயல்வதும் வெவ்வேறு தருணங்களுக்கு உரியன என்பதால் எனக் கொள்ளலாம். தாங்க வேண்டிய தருணம் துயருற்றவருக்கு உரியது. அவருக்காக அதை அறிவுறுத்தும் உரிமை, புகையைக் குறைக்க வல்லவராக இருந்தும் குறைக்காதவருக்கு இல்லை. மாரியம்மனின் ஊர் எல்லைக்கல்லோடு முடிந்தது. மலாக்கா நீரிணையைக் கடந்து வரும் காற்றுக்கு அத்தகைய கல் இல்லையாதலின், 2002இல் கோலாலம்பூரில் கையெழுத்தான எல்லை கடந்த புகைமூட்டம் பற்றிய ஆசியான் ஒப்பந்தம் போன்றவை அந்த ஊரின் புதிய எல்லையை வரைய முயல்கின்றன. இந்தோனேசியா அதனை ஏற்றுறுதி செய்யப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. வாட்சனும் டிராவர்ஸும் நான்காண்டு வயதுடைய ஓர் அறிவை நம்பிச் சதுப்பை வடித்தனர். இன்றைய தலைமுறை கையிலுள்ள சான்று அதனினும் பன்மடங்கு முதிர்ந்தது. அறிந்தபின் செய்யாது விட்ட ஒவ்வோர் ஆண்டும், சித்தாந்தத்தின் கணக்குப்படியே, விட்டவரின் ஆகாமியத்தில் சேர்கிறது.